ரீலோட், ரிவிஷன், ரெஜிஸ்டர்: ஒரே ஆர்-ஈ, மூன்று ஓசை

ஆங்கிலத்தில் ஆர், ஈ என்ற இரண்டு எழுத்தோடு தொடங்கும் சொற்கள் வன்னியில் இருக்கிற எங்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே பழக்கம். மீள்குடியேற்றம், நிவாரணம், புனர்வாழ்வு, நல்லிணக்கம், அகதி, பதிவு, காணி விடுவிப்பு, குளப் புனரமைப்பு, இவ்வளவுக்கும் ஆங்கிலச் சொல்லை எடுத்துப் பாருங்கள், எல்லாம் ஆர்-ஈ தான். பிரதேச செயலகக் கடிதத்திலும் தொண்டு நிறுவன வேலை விளம்பரத்திலும் கிளினிக் துண்டிலும் இவைதான் வரிக்கு வரி வருகின்றன. கண்ணால் பார்த்தால் பொருள் விளங்கிவிடும். நேர்முகத் தேர்வில் வாயைத் திறந்து சொல்ல வேண்டி வரும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அந்த ஆர்-ஈ சில சொல்லில் ரீ என்கிறது, சிலதில் ரி, சிலதில் ரெ.

ஆனால் மூன்று ஓசையும் ஏற்கெனவே எங்கள் வாயில் இருக்கின்றன. ஃபோனுக்கு ரீலோட் போடுகிறோம், ஏ.எல் பிள்ளை ரிவிஷன் கிளாசுக்குப் போகிறது, முக்கியமான கடிதம் என்றால் ரெஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறோம். ரிலோட் என்றோ ரீவிஷன் என்றோ இங்கே ஒருத்தரும் சொல்வதில்லை, யாரும் சொல்லித்தராமலே சரியாகச் சொல்கிறோம். அதனால் கொப்பியில் மூன்று நிரல் கீறி, மேலே இந்த மூன்று சொல்லையும் தலைப்பாக எழுதிக்கொள்ளுங்கள். இனிமேல் எந்த ஆர்-ஈ சொல் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: இது எந்த நிரலுக்குப் போகும்?

தொடங்குவதற்கு முன் எழுத்து முறை பற்றி ஒரு விஷயம். நாங்கள் டீ ஓசையை ரகரத்தால் எழுதிப் பழகியவர்கள்: ரியூசன், ரயர், ரிக்கற், பிளேன்ரீ. தமிழ்நாட்டில் இதையே டியூஷன், டயர், டிக்கெட் என்று எழுதுவார்கள். இந்தப் பாடத்துக்கு மட்டும் அவர்கள் முறையை எடுத்துக்கொள்வோம். ரீ என்று வந்தால் அது ஆர் ஓசை மட்டுமே, பிளேன்ரீயின் ரீ இல்லை. டீ ஓசைக்கு ட. கொப்பியில் தமிழில் உச்சரிப்புக் குறித்து வைக்கிற பிள்ளைகளும் இப்படியே செய்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு கிழமை கழித்துத் திறந்து பார்க்கும்போது ரகரம் எந்த ரகரம் என்று தலையைச் சொறிய வேண்டி வரும். ஃப என்றால் மேற்பல் கீழுதட்டைத் தொடுகிற எஃப் ஓசை. ஃஸ என்று எழுதினால் அது இசெட் ஓசை, அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

ரீ நிரல்

இது மிகவும் இலகுவானது. ஆர்-ஈயைக் கழற்றி வையுங்கள். மிச்சம் இருப்பது முழுச் சொல்லா? அதற்கு முன்னால் "மீண்டும்" என்று போட்டால் பொருள் அப்படியே பொருந்துகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பெரும்பாலும் ரீ, நீட்டிச் சொல்லுங்கள். செட்டில் என்றால் குடியமர்வது, ரீசெட்டில் மீண்டும் குடியமர்வது. பில்ட், ரீபில்ட். ஓப்பன், ரீஓப்பன். சைக்கிள், ரீசைக்கிள். ஷெடியூல், ரீஷெடியூல்; கடன் தவணையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறவர்களுக்குத் தேவையான சொல். கன்ஸ்ட்ரக்ட், ரீகன்ஸ்ட்ரக்ட்.

இலங்கைத் தமிழ் படித்தவர்களுக்கு இதில் இன்னொரு குறுக்குவழி இருக்கிறது. எங்கள் அரச கடிதங்களிலும் பாடப் புத்தகங்களிலும் மீள், புனர் என்ற முன்னொட்டுகள் நிறைய வரும். தமிழ்ச் சொல்லின் தலையில் அது இருந்தால் ஆங்கிலத்தில் அனேகமாக ரீ. மீள்குடியேற்றம் ரீசெட்டில்மன்ட், மீள்சுழற்சி ரீசைக்கிளிங், மீள்வனமாக்கல் ரீஃபொரெஸ்டேஷன், பெறுபேறு வந்தபிறகு போடுகிற மீள்பரிசீலனை ரீஸ்குரூட்டினி, புனர்வாழ்வு ரீஹபிலிட்டேஷன், புனர்நிர்மாணம் ரீகன்ஸ்ட்ரக்ஷன். மறுபக்கம், தமிழில் அந்த முன்னொட்டு இல்லாத நிவாரணம், பெறுபேறு, பற்றுச்சீட்டு எல்லாம் ரிலீஃப், ரிஃஸல்ட், ரிசீட். அகதி, பதிவு, நல்லிணக்கம், நீர்த்தேக்கம் எல்லாம் ரெ. மொழிபெயர்த்தவர்கள் ஆங்கிலச் சொல்லில் "மீண்டும்" தெளிவாகத் தெரிந்த இடத்தில் மீள் போட்டார்கள், தெரியாத இடத்தில் பொருளை மட்டும் எடுத்தார்கள். ஆங்கிலேயரின் நாக்கும் அதையேதான் செய்திருக்கிறது: மீண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தால் அதை நீட்டிக் காட்டும், தெரியாவிட்டால் சுருக்கிவிடும்.

இந்தக் குறுக்குவழி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. மீளாய்வு ரிவியூ, மறுசீரமைப்பு ரிஃபோம், பாடம் மீட்டல் ரிவிஷன், இவையெல்லாம் ரி. ஆங்கிலத்துக்குள் மிகப் பழைய காலத்திலேயே பிரெஞ்சு வழியாக வந்து நாள்பட்ட சொற்கள் இப்படித்தான், பொருளில் மீள் தெரிந்தாலும் ஓசை சுருங்கிவிட்டது. ரினியூ, ரிப்ளேஸ், ரிபே மூன்றையும் தனியாகப் பாடமாக்கி வைத்துவிடுங்கள். கழற்றிப் பார்த்தால் நியூ, பிளேஸ், பே என்று முழுச் சொல்தான் மிஞ்சும், ஆனாலும் ரி. லைசன்ஸ் ரினியூ பண்ணுகிறோம் என்று ஊரிலே சொல்லும்போது யாரும் நீட்டுவதில்லை, அதையே பின்பற்றினால் போதும்.

ஆர்-ஈக்குப் பின்னால் உயிரெழுத்து வந்து, அது உண்மையிலேயே முன்னொட்டாகவும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ரீதான்: ரீயுனைட், ரீஅப்ளை, ரீஇன்டிகிரேட், ரீஎன்டர். கடைசிச் சொல்லில் இரண்டு ஈ எழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் நடுவில் சின்னக் கோடு போட்டு எழுதுவது வழக்கம், இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

எடை எங்கே விழுகிறது

ரி, ரெ இரண்டையும் பிரிப்பதற்குத் தமிழில் இல்லாத ஒரு பழக்கம் தேவை. நாங்கள் ஒரு சொல்லின் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்வோம். ஆங்கிலத்தில் ஒரு அசையில் எடையைப் போட்டு மற்றதை மெலிய விடுவார்கள். எடை விழுந்த அசை தெளிவாக இருக்கும், அதற்குப் பக்கத்தில் இருப்பது பாதி விழுங்கப்பட்டுவிடும்.

ஆர்-ஈக்கு உடனே அடுத்த அசையில் எடை விழுந்தால் ஆர்-ஈ மெலிந்து ரி ஆகும். ரிடேர்ன், ரிப்போட், ரிலீஸ், ரிக்வெஸ்ட், ரிமூவ், ரிடயர். ஆர்-ஈயின் மேலேயே எடை விழுந்தால் பெரும்பாலும் ரெ: ரெஜிஸ்டர், ரெலட்டிவ், ரெஸ்கியூ, ரெமடி. எடை ஒரு அசை தள்ளி மூன்றாவதில் விழுந்தாலும் பெரும்பாலும் ரெதான், ஏனென்றால் நடு அசை மெலிவதால் முதல் அசைக்குக் கொஞ்சம் பலம் வந்துவிடுகிறது: ரெக்கமெண்ட், ரெப்ரிஃஸென்ட், ரெஃப்யுஜீ. வாயால் சொல்லும்போது எடை விழுகிற இடத்தில் மேசையில் விரலால் தட்டுங்கள். வேறு ஒன்றும் தேவையில்லை. ஒரு கிழமை தட்டினால் விரல் இல்லாமலே நாக்குக்குப் பிடிபட்டுவிடும்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு சொல்லின் குடும்பம் முழுவதும் ஏன் ஓசை மாறிக்கொண்டே போகிறது என்பதும் விளங்கும். ரிஃபர் என்றால் ஒரு ஆளையோ விஷயத்தையோ இன்னொரு இடத்துக்கு அனுப்புவது, அல்லது எடுத்துப் பார்ப்பது. எடை இரண்டாம் அசையில். கிராமத்து ஆஸ்பத்திரியில் இருந்து கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ அனுப்பும்போது தருகிற கடிதம் ரிஃபரல், எடை மாறவில்லை, அதனால் ரி. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய சான்று ரெஃபரன்ஸ், எடை முதல் அசைக்கு ஏறிவிட்டது. அந்தச் சான்றைச் சொல்கிறவர் ரெஃபரீ, எடை கடைசியில். விண்ணப்பப் படிவத்தில் உறவினர் அல்லாத இரண்டு ரெஃபரீயின் பெயர் கேட்பார்கள். விளையாட்டு மைதானத்தில் விசில் ஊதுகிறவரைக் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் ஒரே சொல்தான், தீர்ப்புச் சொல்ல யாரிடம் அனுப்புகிறோமோ அவர்.

ரிஃஸேவ் என்றால் ஒதுக்கி வைப்பது. ஒதுக்கீடு ரெஃஸவேஷன், பஸ் சீட்டுக்கும் அதுதான், குளத்தின் கரையோரம் யாரும் கட்டக்கூடாது என்று விட்டு வைத்திருக்கிற நிலத்துக்கும் அதுதான். காட்டுக்கு முன்னால் வந்தால் ஃபொரெஸ்ட் ரிஃஸேவ், ஒதுக்குக் காடு. காணிப் பிரச்சினைக் கடிதங்களில் ரிஃஸேவும் ரெஃஸவேஷனும் ஒரே பக்கத்தில் வரும், அதனால் இரண்டையும் குழப்பாமல் வாசிக்கப் பழகுவது நல்லது. அதே குடும்பத்துப் பிள்ளைதான் ரெஃஸவ்வா, நீரை ஒதுக்கிச் சேர்த்து வைக்கிற நீர்த்தேக்கம். பிரெஞ்சில் இருந்து வந்த சொல் என்பதால் கடைசி எழுத்துகள் ஓய் என்று எழுதியிருந்தாலும் வா என்றுதான் ஒலிக்கும். இரணைமடுவை, முத்தையன்கட்டை இலங்கை ஆங்கிலத்தில் டாங்க் என்போம். வெளிநாட்டுக்காரருக்கு அப்படிச் சொன்னால் கூரைமேல் இருக்கிற தண்ணீர்த் தாங்கியைக் கற்பனை செய்துவிடுவார், அவருக்கு ரெஃஸவ்வா என்று சொல்லுங்கள்.

ரிசைட் போல எழுதியிருந்தாலும் ரிஃஸைட் என்றுதான் ஒலிக்கும், வசிப்பது, வசிப்பவர் ரெஃஸிடன்ட். ரிப்பீட், ஏ.எல் இரண்டாம் தரம் எடுக்கிறவர் ரிப்பீட்டர், திரும்பச் செய்தல் ரெப்பிடிஷன். ரிப்பேர், அதன் குடும்பத்தில் ரெப்பரேஷன். இந்தக் கடைசி உறவைப் பலர் கவனிப்பதில்லை. சைக்கிளைத் திருத்துவதும் ஒரு சமூகத்துக்கு நடந்த சேதத்துக்கு ஈடு செய்வதும் லத்தீனில் ஒரே வினையில் இருந்து வந்தவை. 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த இழப்பீட்டு அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இந்த ரெப்பரேஷன்ஸ்தான். ரீப்பரேஷன்ஸ் என்று நீட்டிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், வேண்டாம்.

போருக்குப் பிந்திய அறிக்கைகளில் ஒட்டிப் பிறந்தவை மாதிரி வருகிற இரண்டு சொல், நல்லிணக்கமும் புனர்நிர்மாணமும். முதலாவது ரெக்கன்சிலியேஷன், இரண்டாவது ரீகன்ஸ்ட்ரக்ஷன். இரண்டிலும் ஆர்-ஈக்குப் பிறகு ஒரே மூன்று எழுத்து, ஆனாலும் ஓசை வேறு. கன்ஸ்ட்ரக்ஷன் தனியாக நிற்கிற சொல், மீண்டும் சேர்கிறது, ரீ. கன்சிலியேஷன் என்று ஒரு சொல் இருக்கிறதுதான், ஆனால் ரெக்கன்சிலியேஷனைச் சொல்லும்போது யாரும் அதைப் பிரித்து நினைப்பதில்லை. 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் பெயரிலேயே இருந்த சொல் என்பதால் எங்கள் ஊர்களில் காதுக்குப் புதிதில்லை, வாய்க்குத்தான் புதிது.

ஒரே எழுத்து, இரண்டு சொல்

எழுத்து ஒன்றாக இருந்து, பெயர்ச்சொல்லாக வந்தால் ஒரு ஓசை, வினையாக வந்தால் இன்னொன்று என்று மாறுகிற சில சொற்கள் உண்டு. பெயர் என்றால் எடை முன்னால், வினை என்றால் பின்னால். பதிவேடு ரெக்கோட், பதிவு செய்வது ரிக்கோட். கிளர்ச்சிக்காரர் ரெபல், கிளர்ச்சி செய்வது ரிபெல். திருப்பித் தருகிற பணம் ரீஃபண்ட், திருப்பித் தருவது ரிஃபண்ட். கழித்து ஒதுக்கிய பொருள் ரீஜெக்ட், நிராகரிப்பது ரிஜெக்ட். பிரதேச சபை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போகிற குப்பை ரெஃப்யூஸ், முடியாது என்று மறுப்பது ரிஃப்யூஃஸ், கடைசி ஓசைகூட மாறுகிறது. எல்லாச் சொல்லுக்கும் இந்த விளையாட்டைக் காட்டக்கூடாது. ரிப்போட், ரிப்பேர், ரிடேர்ன், ரிக்வெஸ்ட், ரிப்ளை எல்லாம் பெயரானாலும் வினையானாலும் அப்படியே நிற்கும்.

இதைவிட ஆபத்தானது நடுக்கோடு போட்ட ஜோடிகள். ரிஃஸைன் என்றால் வேலையை விடுவது. அதே எழுத்துகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு ரீசைன் என்றால் மீண்டும் கையெழுத்திடுவது. ஒப்பந்த வேலையில் இருக்கிறவர்கள் வருட முடிவில் மேலதிகாரிக்கு அனுப்புகிற மின்னஞ்சலில் ஒப்பந்தத்தை மீண்டும் கையெழுத்திட விரும்புகிறேன் என்று எழுத நினைத்துக் கோட்டை விட்டுவிட்டால், வேலையை விட விரும்புவதாக வாசித்துவிடுவார்கள். பயமாக இருந்தால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு ரினியூ என்று எழுதுங்கள், நான் என்றால் அதைத்தான் செய்வேன். ரிக்கவர் நோய் மாறுவது, ரீகவர் பழைய செற்றிக்குப் புது உறை போடுவது. ரெக்ரியேஷன் பொழுதுபோக்கு, ரீகிரியேஷன் மீண்டும் உருவாக்குவது. ரிஃபோம் சீர்திருத்தம், ரீஃபோம் கலைந்த சங்கத்தைத் திரும்பக் கூட்டுவது. கோடு இருந்தால் ரீ, கோட்டுக்குப் பின்னால் உள்ள சொல்லைத் தனியாகச் சொல்வது போலச் சொல்லுங்கள்.

இப்போது அந்த இசெட். தமிழில் இந்த ஓசை இல்லை, அதனால் ரிஃஸல்ட், ரிஃஸைன், ரிஃஸேவ், ரெஃஸிடன்ட், ரிஃஸிஸ்ட் எல்லாவற்றையும் நாங்கள் வெறும் ஸகரத்தோடு சொல்லிவிட்டுப் போகிறோம். தொண்டைக் குழியில் இரண்டு விரலை வைத்து ஸ்ஸ்ஸ் என்று சொல்லுங்கள், ஒன்றும் அதிராது. நாக்கை அசைக்காமல் அதே இடத்தில் வைத்துக்கொண்டு தேனீ போலத் தொண்டையை அதிரவிடுங்கள், அதுதான் இசெட். எஸ் எழுத்துப் போட்ட சொல்லில் எப்போது இது வரும் என்றால், ஆர்-ஈ ரி அல்லது ரெ ஆகச் சுருங்கி, எஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் உயிரோசை இருந்தால் பல இடங்களில் வரும். ரீ என்று நீட்டுகிற சொல்லில் வராது, ஏனென்றால் அங்கே எஸ் அடுத்த சொல்லின் முதல் எழுத்து: ரீசெட்டில், ரீசெல், ரீசைன். ரிசேர்ச் விதிவிலக்கு, அங்கே வெறும் ஸகரம்தான். ரிசோர்ஸ் என்பதை இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள், கவலைப்பட வேண்டாம்.

பற்றுச்சீட்டுக்கு வருவோம். எழுதும்போது பீ என்ற எழுத்து நடுவில் இருக்கும், சொல்லும்போது இருக்காது: ரிசீட். ஒலிக்காத எழுத்து ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. பழைய ஆங்கிலேயப் படிப்பாளிகள் லத்தீன் மூலத்தில் பீ இருக்கிறதே என்று எழுத்தில் மட்டும் கொண்டுவந்து செருகினார்கள், மக்கள் நாக்கு அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பொருளில் தடுக்கிற இடங்கள்

உச்சரிப்புச் சரியாகிவிட்டாலும், இந்தக் குடும்பத்தில் ஒன்றுக்கொன்று நெருங்கிய பொருளுள்ள சொற்கள் நிறைய. லத்தீனில் இந்த முன்னொட்டுக்கு "மீண்டும்" என்று மட்டுமல்ல, "பின்னோக்கி", "திரும்ப" என்றும் பொருள் இருந்தது, அதனால்தான் ரிமோட் என்ற சொல்லில் தூரம் வருகிறது, ரிடேர்னில் திரும்புதல் வருகிறது. ரெஃப்யுஜீயில் இருப்பது தப்பி ஓடுதல். 1685 இல் பிரான்சில் பதினான்காம் லூயி மன்னர் புரட்டஸ்தாந்தருக்கு இருந்த உரிமையை ரத்துச் செய்தபோது அங்கிருந்து இங்கிலாந்துக்கு ஓடி வந்தவர்களோடு இந்தச் சொல்லும் ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்தது. நாங்கள் ஓமந்தைக்கு இந்தப் பக்கம் இடம்பெயர்ந்தாலும் அகதி என்றோம், இந்தியாவுக்குப் படகேறினாலும் அகதி என்றோம். ஆங்கிலத்தில், குறிப்பாக 1951 ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தின் மொழியில், நாட்டு எல்லையைக் கடந்தவர்தான் ரெஃப்யுஜீ. நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவருக்கு டிஸ்பிளேஸ்ட் என்ற சொல்.

ரிடேர்ன், ரீசெட்டில்மன்ட், ரீலொக்கேஷன், ரீபேட்ரியேஷன், இந்த நாலையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரிடேர்ன் என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. இலங்கையில் அரசாங்கம் ரீசெட்டில்மன்ட் என்றபோது சொந்த ஊருக்கோ அதன் பக்கத்துக்கோ கொண்டுபோய் விடுவதைத்தான் சொன்னது. ஐ.நா.வின் அகதிகள் நிறுவனத்தின் பேச்சில் அதே சொல் வேறு: ஒரு நாட்டில் தஞ்சம் புகுந்த அகதியை, ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த மூன்றாவது நாட்டுக்கு அனுப்பிக் குடியேற்றுவது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வில் ரீசெட்டில்மன்ட் பற்றிக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று உறுதிசெய்துகொண்டு பதில் சொல்லுங்கள். ரீலொக்கேஷன் என்பது சொந்த இடம் அல்லாத இன்னொரு இடத்துக்கு மாற்றுவது. 2012 செப்டெம்பரில் செட்டிக்குளம் மெனிக் ஃபாம் முகாம் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்களால் சொந்தக் காணிக்குப் போக முடியவில்லை, இராணுவம் அங்கே இருந்தது, வேறிடத்தில் மாதிரிக் கிராமம் என்று விட்டார்கள். அதை ரீசெட்டில்மன்ட் என்று எழுதுவதா ரீலொக்கேஷன் என்று எழுதுவதா என்பது வெறும் அகராதிப் பிரச்சினை இல்லை. ரீபேட்ரியேஷனில் ஒளிந்திருப்பது தாயகம் என்ற லத்தீன் சொல், தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பி வருகிறவர்களுக்கு இதைச் சொல்வார்கள். திரும்பி வந்தவர் ரிடேர்னீ, எடை கடைசி ஈயில், ரெஃப்யுஜீ, ரெஃபரீ மாதிரியே.

திருத்த வேலைச் சொற்கள் அடுத்தது. ரிப்பேர் என்றால் உடைந்ததைச் சரிசெய்வது. ரெனவேட் என்றால் பழையதைப் புதுப்பித்து அழகாக்குவது, கட்டடத்துக்குச் சொல்லலாம். ரீகன்ஸ்ட்ரக்ட் என்றால் அத்திவாரத்தில் இருந்து திரும்பக் கட்டுவது. ரீஹபிலிட்டேஷன்தான் ஒரு மாதிரியானது. ஆளுக்குச் சொன்னால் தமிழில் புனர்வாழ்வு, குளத்துக்கோ வீதிக்கோ சொன்னால் புனரமைப்பு. ஆங்கிலத்தில் ஒரே சொல். திரும்பவும் வேலை செய்யத் தகுதியாக்குவது என்பதுதான் அடிப்படை என்பதால் இரண்டுக்கும் பொருந்துகிறது. நடுவில் வருகிற ஹகரத்தைப் பிரித்தானியர் பலர் விட்டுவிட்டு ரீஅபிலிட்டேஷன் என்பார்கள், நீங்கள் மெல்ல ஒலித்தாலும் பிழையில்லை.

திறப்பதற்கும் தொடர்வதற்கும் வித்தியாசம் உண்டு. 1990 இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப வந்தது. ஸ்டேஷன் ரீஓப்பன் ஆனது, சேவை ரிஃஸ்யூம் ஆனது. ரிஃஸ்யூம் என்பது விட்ட இடத்தில் இருந்து தொடர்வது, அதையே ரெஃஸ்யுமே என்று சொன்னால் அமெரிக்காவில் வேலைக்குக் கொடுக்கிற சுயவிபரக் கோவை.

ரிக்கவரி என்ற சொல்லை வைத்து ஒரு எச்சரிக்கை. கிளினிக்கில் டொக்டர் சொன்னால் சுகமாகி வருகிறது, நல்ல செய்தி. கடன் கொடுத்த இடத்தில் ரிக்கவரி ஒஃபிசர் வருகிறார் என்றால் அறவிட வருகிறார். லீசிங் கடிதத்தில் ரீபஃஸெஸ் என்று ஒரு சொல்லைக் கண்டால் மேலோட்டமாக வாசித்துவிட்டுப் போகாதீர்கள். தவணை கட்டாத வாகனத்தைத் திரும்ப எடுக்கப்போகிறோம் என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிக்கு முன் பார்க்கிற ரிஹேர்சலில்கூட இந்த முன்னொட்டுத்தான். பழைய பிரெஞ்சில் அதன் அடியில் இருந்த சொல், உழுத நிலத்தில் கட்டி உடைக்க இழுக்கிற பல்லுச் சட்டத்தைக் குறித்தது. உழுத இடத்தைத் திரும்பத் திரும்பக் கிளறுவது ஒத்திகை ஆகிவிட்டது. வயல்காரப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சொல் மறக்காது.

பழகுவது எப்படி

கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்ஃபோட் அகராதிகளின் இணையத்தளங்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலிபெருக்கிப் படம் இருக்கும், பிரித்தானியம் ஒன்று, அமெரிக்கம் ஒன்று. எங்கள் பரீட்சைக்குப் பிரித்தானியத்தைக் கேட்டால் போதும். டேட்டா இல்லாத நேரம் அச்சு அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள உச்சரிப்புக் குறியைப் பாருங்கள், எல்லாக் குறியையும் படிக்கத் தேவையில்லை, இரண்டு போதும். மேலே ஒரு சின்ன நிலைக்குத்துக் கோடு இருந்தால் அதற்கு அடுத்து வரும் அசையில் எடை. ஒரு எழுத்துக்குப் பின்னால் முக்காற்புள்ளி போல இரண்டு புள்ளி இருந்தால் அந்த ஓசையை நீட்ட வேண்டும். ஆர் எழுத்துக்கு அடுத்து வரும் உயிரோசைக் குறிக்குப் பின்னால் அந்த இரண்டு புள்ளி இருந்தால் ரீ நிரல், இல்லாவிட்டால் கோடு எங்கே என்று பாருங்கள்.

சொற்களைத் தனித்தனியாகப் பாடமாக்குவதைவிடக் குடும்பமாக வாய்விட்டுச் சொல்வது பலன் தரும். ரிஃபர், ரிஃபரல், ரெஃபரன்ஸ், ரெஃபரீ என்று ஒரே மூச்சில், மேசையில் தட்டிக்கொண்டு. அதன் பிறகு உங்கள் வாழ்க்கையில் இருந்து ஒரு வசனம் அமையுங்கள், பாடப் புத்தக வசனம் வேண்டாம். நாங்கள் திரும்பி வந்தோம், வீட்டைத் திரும்பக் கட்டினோம் என்பதையே எடுத்தால் வீ ரிடேர்ன்ட் அண்ட் ரீபில்ட் அவர் ஹவுஸ், இரண்டு நிரலும் ஒரு வசனத்துக்குள் வந்துவிட்டன.

இப்போது சில சொற்களைப் பிரித்துப் பார்ப்போம். போக்குவரத்துச் செலவை மீளத் தருவது: இம்பேர்ஸ் என்பதற்கு முன் உயிரெழுத்தில் முட்டுகிறது, ரீஇம்பேர்ஸ். நிவாரணம் பெறுபவர்: எடை ஆர்-ஈக்கு அடுத்ததில், ரிசிப்பியன்ட். சம்பந்தமான என்ற பொருளில் வருவது: எடை முதல் அசையில், ரெலவன்ட். வருந்துகிறோம் என்று வேலை கிடைக்காதவர்களுக்கு வருகிற கடிதத்தில் இருப்பது ரிகிரெட். சாப்பாட்டுக் கடை ரெஸ்டரன்ட், எடை முன்னால். களைத்தவருக்குத் திரும்பத் தெம்பூட்டுவது என்ற பிரெஞ்சு வினைதான் அதன் அடி, ஆகவே முன்னொட்டு உண்டு. பிராந்திய சுகாதாரப் பணிமனையின் பலகையில் இருக்கிற ரீஜனல் மட்டும் ஏமாற்றும்: ரீ என்று நீண்டு ஒலிக்கிறது, ஆனால் அங்கே முன்னொட்டே இல்லை, ஆளுதல் என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. ரெகுலர், ரியல், ரெப்டைல் ஆகியவற்றிலும் ஆர்-ஈ வெறும் எழுத்துத்தான், கழற்றினால் மிச்சத்துக்கு அர்த்தம் கிடைக்காது. அவற்றை மூன்று நிரலிலும் சேர்க்காமல் பக்கத்தின் அடியில் தனியாக எழுதி வையுங்கள்.